நையாண்டி மேளமும் நான் போட்ட செந்தில் வேஷமும்

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்கினதுல பாதி தேவையே இல்லாத ஆணின்னு டேமேஜர் கடைசியில கண்டுபிடிச்சார், அது தனிக் கதை. இந்தப் பதிவை 2025 பொங்கல் முடிஞ்ச கையோட எழுதியிருக்கணும். மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் பாதியில நிறுத்திட்டேன். ஏன்னு கீழே போகப் போகத் தெரியும்.

பொங்கலுக்கு முந்தின ரெண்டு நாள் தாம்பரத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? மொத்தச் சென்னையும் எங்க ஏரியா வழியாத்தான் ஊருக்குப் போகும். 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்தப்புறம் கூட்டம் கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கு, ஆனா ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல் மட்டும் அப்படியேதான் இருக்கு. கரும்புக்கட்டு வெச்ச பைக், கூரை மேல பெட்டி கட்டின கார், ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிற பெரியவர்னு பெருங்களத்தூர் வரைக்கும் ஒரே வரிசை. எங்களுக்குப் போக ஊர் இல்லை. அம்மாவோட ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அம்மாச்சி போனதுக்கப்புறம் அந்த வீட்டை வித்தாச்சு. அப்பா ரயில்வேல சேர்ந்து தாம்பரம் வந்தவர், அவருக்கு ஊர்ப் பேச்சே பிடிக்காது. அதனால வருஷா வருஷம் சேலையூர்ல மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, ஊருக்குப் போறவங்களை வேடிக்கை பார்க்கிற கோஷ்டி நாங்க.

இந்த மாதிரி கோஷ்டிக்காகவே ஊரைச் சென்னைக்குக் கொண்டுவர்ற ஒரு விஷயம்தான் சென்னை சங்கமம். 2007-ல தமிழ் மையமும் அரசோட சுற்றுலாத் துறையும் சேர்ந்து தொடங்கினது. பூங்கா, கடற்கரை, தெருன்னு எங்க இடம் கிடைச்சாலும் நாட்டுப்புறக் கலைஞர்களை ஆட வெச்சாங்க. டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது. 2011-க்கு அப்புறம் நின்னு போச்சு. திரும்ப 2023 ஜனவரியில கலை பண்பாட்டுத் துறை அதை 'நம்ம ஊரு திருவிழா'ன்னு கூட ஒரு பேரும் சேர்த்து ஆரம்பிச்சது. 2025-ல சென்னையில 18 இடத்துல நடந்தது. எங்க பக்கத்துக்குக் கிட்டன்னா பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்.

மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் காலையில மாமாகிட்ட கேட்டேன். "போலாமா மாமா?"

"எதுக்கு மாப்ள?"ன்னார். அந்த 'எதுக்கு'க்கு என்கிட்ட பதில் இல்லை. அதாவது, பதில் இருந்துச்சு. சொல்ற தைரியம் இல்லை.

இங்க ஒரு கொசுவத்தி சுத்தணும். மன்னிச்சுக்குங்க.

மாமா, அம்மாவோட கூடப் பிறந்த தம்பி. இப்போ சேலையூர்ல ஒரு அபார்ட்மென்ட்ல நைட் செக்யூரிட்டி. அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கு மேல நையாண்டி மேளத்துல தவில். கரகாட்டம், காவடியாட்டம், மயிலாட்டம், பொய்க்கால் குதிரை, இதுக்கெல்லாம் பின்னாடி நின்னு வாசிக்கிற மேளம்தான் நையாண்டி மேளம். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, தாளம். செட்டுக்கு செட்டு ஒண்ணு ரெண்டு கூடும், குறையும். (செட்டுன்னா குழு. 'நீங்க எந்த செட்டு?'ன்னுதான் அவங்களுக்குள்ள கேட்டுக்குவாங்க.) சீசன்ல வாசிப்பு, மிச்ச மாசத்துல கிடைச்ச கூலி வேலை. நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழா வந்தா மாமாவை வீட்டுல பார்க்க முடியாதுன்னு அம்மா சொல்லும்.

தவில்னு சொன்னா நமக்கெல்லாம் கல்யாணத்துல உட்கார்ந்து வாசிக்கிற பெரிய மேளம்தான் ஞாபகம் வரும். அந்த வித்வான்கள் நையாண்டி மேளக்காரங்களைத் தங்களுக்குச் சமமா நினைக்கிறது அபூர்வம். கருவி என்னவோ ஒண்ணுதான். அதே பலாமரக் கட்டை, அதே தோல். வலது பக்கம் வலந்தலை, இடது பக்கம் தொப்பி. வலந்தலையை விரல்ல கூடு மாட்டிக்கிட்டு வாசிக்கணும், தொப்பியைப் பூவரசங்குச்சியால அடிக்கணும். வித்தியாசம் என்னன்னா, அவங்க உட்கார்ந்து வாசிப்பாங்க. இவங்க கனமான தவிலைத் தோள்ல மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா நின்னு, நடந்து, குனிஞ்சு, ஆட்டக்காரங்களைச் சுத்தி வந்து வாசிப்பாங்க. பேர்லயே நையாண்டின்னு வெச்சாச்சு. அப்புறம் மரியாதை எங்கேர்ந்து வரும்?

அந்த மரியாதைக்கு வேட்டு வெச்சதுல ஒரு பங்கு, நம்ம எல்லாருக்கும் பிடிச்ச ஒரு படத்துக்கும் உண்டு. 1989-ல வந்த 'கரகாட்டக்காரன்'. கவுண்டமணி, செந்தில் ரெண்டு பேரும் அதுல யாரு? ஒருத்தர் தவில், ஒருத்தர் நாயனம். நையாண்டி மேளக்காரங்க! இதை எத்தனை பேருகிட்ட கேட்டிருப்பேன் தெரியுமா? எல்லாருக்கும் வாழைப்பழம் ஞாபகம் இருக்கு, அந்தக் கார் ஞாபகம் இருக்கு. அவங்க கையில என்ன கருவி இருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இல்லை. கரகம் ஆடினவங்களை ஹீரோ ஹீரோயின் ஆக்கின படம், மேளம் வாசிச்சவங்களைக் காமெடியன் ஆக்கிடுச்சு. படத்தைக் குறை சொல்லலை. இன்னிக்கும் டிவியில போட்டா ரிமோட்டைக் கீழ வெச்சுட்டுப் பார்க்கிறவன்தான் நானும்.

2009-ல மாமா செட்டு சென்னை சங்கமத்துக்கு வந்தது. மாமா சென்னையில வாசிச்சது வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான். எனக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா போகணும்னு ரெண்டு நாள் கெஞ்சுச்சு. அப்பா "கூட்டம், டிராபிக்"னு சொல்லித் தட்டிக் கழிச்சார். அப்பாவுக்கு டிராபிக் பிரச்சினை இல்லைங்கிறது எனக்கு அப்பவே தெரியும். குவார்ட்டர்ஸ்ல மச்சினன் விவசாயம் பண்றான்னு சொல்லி வெச்சிருந்தார். கடைசி நாள் மாமா வீட்டுக்கு வந்தப்போ கழுத்துல ஒரு சால்வை, கையில ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இன்னிக்கும் எங்க வீட்டு பீரோவுல ரேஷன் கார்டுக்குக் கீழ இருக்கு.

அப்பாவைச் சொல்லி நான் தப்பிச்சுக்க முடியாது. நான் பண்ணினது அதைவிட மோசம்.

செட்டோட வாத்தியார் இறந்துபோயி செட்டு உடைஞ்சதும் 2014-ல மாமா எங்க வீட்டுக்கே வந்துட்டார். அதே வருஷம்தான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். மூணாவது வருஷம் காலேஜ் கல்ச்சுரல்ஸ். எங்க கிளாஸ் பசங்க 'கிராமியக் கலை'ன்னு ஒரு அயிட்டம் போட்டோம். என்ன கிராமியக் கலை? கரகாட்டக்காரன் காமெடி. ஒருத்தன் அட்டையில தவில் செஞ்சு மாட்டிக்கிட்டு கவுண்டமணி. நான் செந்தில். வயித்துல தலைகாணி, கையில பி.வி.சி. பைப்புல செஞ்ச நாயனம். அரங்கமே அதிர்ந்தது. முதல் பரிசு! குடும்பத்தோட வரலாம்னு சொல்லியிருந்தாங்க. அப்பா வரலை. அம்மாவும் மாமாவும் வந்து ஏழாவது வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. வாறாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் நாயனத்தைத் தலைகீழா வெச்சு ஊதி, தவில் மேல ஏறி உட்கார்ந்து, கூட்டம் சிரிக்கிற வரைக்கும் பண்ணினேன். கூட இருந்த பசங்க யாருக்கும் என் மாமா யாருன்னு தெரியாது. 'மாமா ரிட்டயர்டு'ன்னு மட்டும் சொல்லியிருந்தேன். எதுலேர்ந்து ரிட்டயர்டுன்னு யாரும் கேட்கலை.

ராத்திரி வீட்டுல அம்மா முகத்தை நிமிர்ந்தே பார்க்கலை. மாமா சாப்பிட்டுக்கிட்டே சொன்னார், "அந்தத் தவில்காரத் தம்பி குச்சியை வலது கையில பிடிச்சிருந்துச்சு மாப்ள. குச்சி இடது கையில இருக்கணும்." அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷத்துல அவர் அதைப் பத்திப் பேசவே இல்லை. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

கொசுவத்தி அணைஞ்சாச்சு. மாட்டுப் பொங்கலுக்கு வருவோம்.

மாமா ஒருவழியா ஒத்துக்கிட்டார். கூட வேலை பார்க்கிறவர்கிட்ட பேசி பதினோரு மணிக்கு டூட்டி மாத்திக்கிறதா ஏற்பாடு. பைக்ல கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணைன்னு போறோம். ஊரே காலி. தாம்பரம் - வேளச்சேரி ரோட்டுல நாலாவது கியர்ல போனது என் சர்வீஸ்ல அன்னிக்குத்தான்.

எலியட்ஸ்ல ஷ்மிட் நினைவுச் சின்னத்துலேர்ந்து பார்த்தாலே கூட்டம் தெரிஞ்சது. நாங்க போய்ச் சேர்ந்தப்போ பறை நடந்துட்டு இருந்தது. மாமா மேடைக்கு முன்னாடி வரலை. பக்கவாட்டுல, அடுத்தடுத்து ஆடப்போறவங்க காத்துக்கிட்டு நிக்கிற இடத்துக்கு, யாரும் வழி சொல்லாமலே நேரா போயிட்டார். அங்க இன்னொரு பறைக் குழு பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. கடல் காத்து ஈரத்துல தோல் தொங்கிப் போயிடும், சூடு காட்டினாத்தான் விறைக்கும். இப்போ காய்ச்சத் தேவையில்லாத பிளாஸ்டிக் தோல் வந்திருக்கு, நிறைய பேர் அதுக்கு மாறிட்டாங்க. இந்தக் குழுவுல இருந்தது மாட்டுத்தோல். மாமா முகத்துல ஒரு திருப்தி. கிட்டப்போயி ஒரு பறையை விரலால சுண்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் காட்டுங்க தம்பி"ன்னார். அந்தப் பையனும் யாரு எவருன்னு கேட்காம திரும்பக் காட்டினான்.

அப்புறம் வரிசையா வந்தாங்க. தேவராட்டம். ராஜகம்பளத்து நாயக்கர்கள் ஆட்டம் அது, உறுமி வாசிச்சாத்தான் கால் எழும்பும். உறுமிங்கிற பேரு காரணப் பேரு. ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால தேய்ப்பாங்க, உறுமும். அந்தச் சத்தத்துக்கு என் பக்கத்துல நின்ன ஒரு குழந்தை அவங்க அப்பா காலைக் கட்டிக்கிச்சு. அடுத்து கொங்குப் பக்கத்துத் துடும்பு. பெரிய துடும்பு அடிச்சப்போ மணல்ல வெச்சிருந்த காலுக்குள்ள அதிர்ச்சி ஏறினதை நிஜமாவே உணர்ந்தேன். அப்புறம் நீலகிரிப் படுகர்கள். வெள்ளை உடுப்புல மெதுவா வட்டமா ஆடுறாங்க. அந்த மலையில முன்னெல்லாம் படுகர் வீட்டு விசேஷத்துக்குக் கோத்தர்கள்தான் வந்து வாசிப்பாங்க. ஆடுறவங்க ஒரு சனம், வாசிக்கிறவங்க இன்னொரு சனம். எங்கேயோ படிச்சதை மாமாகிட்ட சொன்னேன்.

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் மாப்ள"ன்னார். "ஆடுறவங்களுக்குத்தான் திருவிழா. வாசிக்கிறவனுக்கு அது வேலை."

யோசிச்சுப் பார்த்தா, அங்க வந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தோல் கருவி தனியா இருக்கு. பறைக்கு ஆடுற காலு வேற, உறுமிக்கு ஆடுற காலு வேற. ஒருத்தர் வாத்தியத்தை இன்னொருத்தர் ஆட்டத்துக்கு மாத்தி வெச்சா ஆட்டமே மாறிடும். நான் உட்பட அங்க இருந்த நூத்துக்கணக்கான செல்போன்ல பதிவானது என்ன? சலங்கை, தலைப்பாகை, சுத்துற பாவாடை. வாசிக்கிறவங்க கேமரா ஓரத்துல பாதி முகம்.

ஏழரை மணிவாக்குல கடலுக்கு மேல நிலா வந்தது. பௌர்ணமி முடிஞ்சு ரெண்டு நாள் ஆன நிலா, ஒரு பக்கம் லேசா தேஞ்சு, நல்ல மஞ்சளா. கரகாட்ட செட்டு மேடையேறினப்போ மாமா என் தோளைத் தட்டி, "இப்போ பாரு"ன்னார்.

முதல்ல மேளம் மட்டும். நாயனம் உச்சத்துல ஒரு இழுப்பு இழுத்து நிறுத்த, ரெண்டு தவிலும் ஒண்ணை ஒண்ணு துரத்த ஆரம்பிச்சது. பம்பைக்காரர் வாய் நிறைய வெத்தலையோட ஒரே சிரிப்பு. "ஊர்ல இது மட்டும் முக்கால் மணி நேரம் வாசிப்போம்"னு மாமா சொல்லிக்கிட்டே இருந்தார். "சத்தம் கேட்டு ஊர் பூரா வரணும்ல. ஆட்டக்காரங்க அப்பத்தான் பொட்டு வெச்சுக்கிட்டு இருப்பாங்க." இங்க ரெண்டு நிமிஷத்துல கரகக்காரம்மா ரெண்டு பேரும் வந்துட்டாங்க.

நான் அதுவரைக்கும் கரகாட்டத்தை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன், டிவியிலயும் யூடியூப்லயும். பார்த்ததெல்லாம் செம்பைத்தான். பூவெல்லாம் சுத்தி உச்சியில கிளி வெச்ச செம்பு, கையே படாம தலையில நிக்குது, விழுமா விழாதா? மாமா பக்கத்துல நின்னு பார்த்தப்போதான் வேற ஒண்ணு தெரிஞ்சது. அந்தம்மாவுக்குக் கழுத்தை அசைக்க முடியாது. தலையாட்டி ஜாடை காட்ட முடியாது. கண்ணும் காலும்தான் பேசணும். தவில்காரர் அந்தக் காலை விட்டுக் கண்ணை எடுக்கலை. அந்தம்மா குதிகாலை ரெண்டு தரம் மணல் மிதிக்கிற மாதிரி அழுத்தினாங்க, அடுத்த நொடி தாளம் ரெண்டு மடங்காச்சு. ஒரு கண் சுருக்கல், அத்தனை பேரும் ஒரே அடியில நிறுத்தினாங்க. செம்பு அப்படியே நிக்குது. ஒரு பேப்பர் இல்லை, ஒருத்தர் முன்னாடி நின்னு கை ஆட்டலை.

(இந்தப் பதிவு பாதியில கிடந்தப்போதான், மார்ச் 8-ஆம் தேதி லண்டன்ல இளையராஜா சிம்பொனி அரங்கேறினது. அதோட சின்ன வீடியோ ஒண்ணை மாமாகிட்ட காட்டினேன். கும்பிட்டுட்டுத்தான் பார்த்தார். பார்த்து முடிச்சுட்டு, "இவ்வளவு பேரும் அந்தக் குச்சிக்காரரைப் பார்த்து வாசிக்கிறாங்க, சரி. நமக்குக் குச்சிக்காரர் கரகக்காரம்மாதான்"னார். நான் பத்து வரியில எழுதினதை ஒரு வரியில சொல்லிட்டார் மனுஷன்.)

பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், முடிஞ்சது. அடுத்த குழு காத்துக்கிட்டு இருக்கே. கைதட்டல் பலமா இருந்துச்சு. மாமாவுக்கு மனசு ஆறலை. "இது கரகாட்டத்தோட டிரெய்லர் மாப்ள"ன்னார். எனக்கும் அப்படித் தோணினது. மாரியம்மனும் இல்லை, விடிய விடிய ஆட்டமும் இல்லை, ஒவ்வொரு சனத்தோட ஆட்டத்தையும் ஒரு துண்டு வெட்டித் தட்டுல அடுக்கின மாதிரி. ஆனா என் பின்னாடி நின்ன ஒரு காலேஜ் பொண்ணு தோழிகிட்ட, "அந்த ரெட்டை டிரம் பேரு என்னடி?"ன்னு கேட்டுச்சு. மாமா திரும்பி, "பம்பை பாப்பா"ன்னார். அந்தப் பொண்ணு போன்ல பம்பைன்னு அடிச்சுத் தேட ஆரம்பிச்சது. முழு ராத்திரி ஆட்டத்துக்கு அந்தப் பொண்ணு எந்தக் காலத்துலயும் வந்திருக்காது. ரெண்டுல எது சரின்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

செட்டு இறங்கினதும் மாமா நேரா தவில்காரர்கிட்ட போனார். இருபத்தஞ்சு வயசு இருக்கும் அந்தத் தம்பிக்கு. "குதிகால் வெச்சதும் எடுத்தீங்களே, நல்லா இருந்துச்சு"ன்னார் மாமா. அந்தத் தம்பி ஒரு நொடி மாமா விரல்களைப் பார்த்துட்டு, "அண்ணே எந்த செட்டு?"ன்னான். மாமா சொன்னார். பம்பைக்காரருக்கு அந்த வாத்தியாரைத் தெரிஞ்சிருந்தது. அவ்வளவுதான், டீ வந்துடுச்சு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துடுச்சு. மாமாவை யாரோ உட்காரச் சொல்லி நான் பார்த்தது அன்னிக்குத்தான். அபார்ட்மென்ட் கேட்ல அவர் உட்கார்ந்தா, ஏன் உட்கார்ந்தேன்னுதான் கேட்பாங்க.

"ரெண்டு அடி வாசிங்கண்ணே"ன்னு தம்பி தவிலை நீட்டினான்.

"விரல்ல கூடு இல்லையேப்பா." கூடு ஒவ்வொருத்தர் விரல் அளவுக்குப் பிடிச்சு இறுக வெச்சது, ஒருத்தரோடது இன்னொருத்தருக்குச் சேராது. வெறும் விரலால வலந்தலையைத் தட்டினா சத்தமும் வராது, விரலும் போயிடும். மாமா கையை வேட்டியில துடைச்சுட்டே நின்னார். வேண்டாம்னும் சொல்லலை.

"அப்ப தொப்பி உங்களுது"ன்னு தம்பி குச்சியை மாமா கையில குடுத்துட்டான். தவில் அவன் தோள்ல. வலந்தலை அவன், தொப்பி மாமா. ஒரு தவிலுக்கு ரெண்டு பேர்! நாயனக்காரர் சிரிச்சுட்டே சும்மா ஒரு இழுப்பு விட்டார். முதல் நாலஞ்சு அடி தப்பு. ரெண்டு பேரும் நிறுத்தினாங்க. திரும்ப ஆரம்பிச்சாங்க. குச்சி மாமாவோட இடது கையில இருக்குங்கிறதை நான் கவனிச்சேன். அப்புறம் சேர்ந்துடுச்சு. ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனா ஒன்றரை நிமிஷம். மேடையில வேற ஏதோ நடந்துட்டு இருந்ததால நாலு பேருக்கு மேல யாரும் கேட்கலை. நான் போனை எடுக்கலை. எடுக்கத் தோணலைங்கிறது பொய், கை வரலை.

முடிச்சதும் அந்தத் தம்பி வியர்வையைத் துடைச்சுக்கிட்டே என்னைப் பார்த்து, "அண்ணன் மருமகனா? நீங்களும் வாசிப்பீங்களா?"ன்னான்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாமா சொன்னார், "இவன் நாயனம். காலேஜ்ல செந்தில் வேஷம் போட்டு முதல் பரிசு வாங்கினவன்."

எல்லாரும் சிரிச்சாங்க. பம்பைக்காரர் வெத்தலையைத் துப்பிட்டு வந்து சிரிச்சார். மாமாவும் சிரிச்சார். நல்லா, வாய்விட்டு. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்ண? எட்டு வருஷம். எட்டு வருஷமா அந்த மனுஷன் அதை எங்கே வெச்சிருந்தார்னு தெரியலை.

திரும்பி வர்றப்போ பள்ளிக்கரணைகிட்ட இருட்டுல ஆரம்பிச்சேன். "மாமா, அன்னிக்கு காலேஜ்ல..."

"என்னது?" ஹெல்மெட், காத்து.

"அன்னிக்கு காலேஜ்ல..."

"கேக்கல மாப்ள!"

"பள்ளம் வருது, பிடிச்சுக்குங்கன்னேன்."

பள்ளமும் நிஜமாவே வந்தது :-)

பத்தே முக்காலுக்கு வீடு. மாமா வேட்டியை மடிச்சு வெச்சுட்டு யூனிபார்ம் மாட்டினார். அம்மா வாசல்லயே நின்னு, "என்னடா தம்பி, எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டுச்சு. "பரவால்லக்கா. தொப்பி மட்டும் வாசிச்சேன்"னார். அம்மா உள்ள போயிடுச்சு. சமையல் கட்டுல ரொம்ப நேரம் குழாய்த் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு, ஜனவரி 25-ஆம் தேதி பத்ம விருதுப் பட்டியல் வந்தது. பறைக்கு அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ. பேப்பரை மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். தவிலுக்கும் புதுச்சேரி தட்சிணாமூர்த்தி பேரு இருந்துச்சு. "பம்பைக்கு?"ன்னார். தேடினேன், இல்லை. "அதானே"ன்னுட்டு டீயைக் குடிச்சார். தவில்காரருக்கு பம்பை மேல ஏன் இவ்வளவு பாசம்னு கேட்டேன். மாமா சொன்னது இது: நாயனம் தூரத்துக்குக் கேட்கும், தவில் அதுக்கு அடுத்து. பம்பைதான் நடுவுல நின்னு ரெண்டு தவிலையும் பிரிய விடாம இழுத்துப் பிடிக்கிறது. அது கேட்கலைன்னா தவில்காரன் தடுமாறுவான், தப்பு எங்கேன்னு கேட்கிறவங்களுக்குத் தெரியாது. எந்த மேடையிலயும் மைக் செட்டுக்காரர் முதல்ல நாயனத்துக்கு மைக் வைப்பார், அப்புறம் பேசுறவருக்கு. பம்பைக்குத் தனியா வெச்சவரை இருபது வருஷத்துல அவர் பார்த்ததே இல்லையாம்.

"நீ கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுவியாம்ல, அக்கா சொல்லுச்சு. இதை எழுது"ன்னார்.

"நான் எழுதினா யாரு மாமா படிப்பாங்க?"

"மைக் செட்டுக்காரன் ஒருத்தன் படிச்சாப் போதும்."

அதனால மக்களே, உங்கள்ல யாராவது ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் பேசப் போறீங்கன்னா, பம்பைக்கு ஒரு மைக் சேர்த்துச் சொல்லுங்க. ஸ்டாண்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைக்கணுமாம்.